மெட்டாலிகாவின் ‘செயின்ட் ஆங்கர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் எட்டாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘செயின்ட் ஆங்கர்’ 2003 ஜூன் 5 அன்று வெளிவந்தது. ஜூன் 10 என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். அதற்குள் இணையத்தில் திருட்டுப் பிரதி பரவிவிடும் என்பதால் ஐந்து நாள் முன்னதாகவே இறக்கிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. 2022இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டைக் கேட்டுவிட்டு மெட்டாலிகா பக்கம் வந்த இளைய ரசிகர்களும், ஒவ்வொரு ஆல்பமாகக் கேட்டு வரும்போது இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

ரசிகர்கள் எதிர்பார்த்த நாலைந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போயிருந்தன. பாட்டுக்கு நடுவே கிட்டார் தனித்து முன்னால் வந்து ஒலிக்கும் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. டிரம்ஸின் ஸ்னேர் சத்தம் யாரும் கேட்டிராத மாதிரி இருந்தது. மொத்தம் 11 பாட்டு, 75 நிமிஷம். ஐந்து நிமிஷத்துக்குக் குறைவாக ஒரு பாட்டும் இல்லை. வழக்கமாக எல்லாவற்றையும் செதுக்கிச் செதுக்கி மெருகேற்றும் குழு, இந்த முறை ஒத்திகையில் பதிவுசெய்ததைப் போன்ற கரடுமுரடான ஒலியில் ஆல்பத்தைக் கொடுத்திருந்தது.

அதோடு, ரசிகர்கள் ஏற்கெனவே சூடாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்திலேயே பழைய த்ராஷ் (அதிவேக மெட்டல்) ரசிகர்களில் ஒரு பகுதியினர் முகம் திருப்பிவிட்டார்கள். 1996இல் ‘லோடு’ வந்தபோது, முடியை வெட்டிக்கொண்டு வேகத்தையும் குறைத்துக்கொண்டார்கள் என்று இன்னொரு பகுதி கோபித்துக்கொண்டது. 2000இல், இணையத்தில் பாடல்களைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது குழு போட்ட வழக்கு வந்தது. பாடல்களை இலவசமாகப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியலை டிரம்மர் லார்ஸ் உல்ரிக் நேரடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். தங்களையே காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் பொங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் இது. சாதாரணமாக வந்திருந்தாலே கடுமையாகத்தான் கேட்டிருப்பார்கள்.

அந்த ஸ்னேருக்கு என்னதான் ஆயிற்று?

ஸ்னேர் டிரம்மின் அடிப்பக்கத் தோலை ஒட்டிச் சுருள் கம்பிகள் ஓடும். மேலே குச்சியால் அடித்தால் அந்தக் கம்பிகள் கீழ்த்தோலில் அதிரும். ‘சடக்’ என்று வெடித்து உடனே அடங்கும் அந்த ஓசை அதிலிருந்துதான் வருகிறது. டிரம்மின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் கம்பிகள் தோலைவிட்டு விலகிவிடும். லார்ஸ் கம்பிகளை அப்படி விலக்கி வைத்துவிட்டுத்தான் வாசித்தார். தோலையும் இறுக்கி மேல் சுருதியில் வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் ‘டிங்’ என்று உலோகம் ஒலித்து, அடங்காமல் கொஞ்ச நேரம் நீளும். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் சொன்னது இதைத்தான்.

வெறும் கவனக்குறைவு என்ற கதையை அப்படியே நம்பாதீர்கள். ஒரு நாள் கம்பிகளைத் திரும்பச் சேர்க்க மறந்துவிட்டதாக லார்ஸே சொல்லியிருக்கிறார். ஆனால் பதிவைக் கேட்டுப் பார்த்து, பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், ஓசையைவிட அதை வைத்த இடம்தான் தொல்லை. எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கலந்த மிக்ஸில் ஸ்னேர் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. கிட்டார்கள் தாழ்ந்த சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, அதற்கு மேலே வெட்டவெளியில் இந்த ‘டிங்’ மட்டும் தனியாகக் கேட்கிறது. ‘ஃப்ரான்டிக்’ பாட்டின் முதல் அரை நிமிஷத்தை ஹெட்ஃபோனில் போட்டுக் கேளுங்கள், புரிந்துவிடும்.

கிட்டார் சோலோவை ஏன் எடுத்தார்கள்?

பாட்டுக்குத் தேவைப்பட்டால் மட்டும் வைக்கலாம் என்று பேச்சு தொடங்கியது; கடைசியில் எந்தப் பாட்டுக்கும் தேவையில்லை என்று முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அமெரிக்க வானொலியில் ஓடிய கனமான இசையில் சோலோ வழக்கொழிந்திருந்தது என்பதும் உண்மை. சோலோக்களை வாசிக்கும் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமட் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோலோ இல்லாமல் விட்டால், இந்தக் காலத்து ஆல்பம் என்ற முத்திரை இதன்மேல் விழுந்துவிடும் என்று அவர் வாதாடியதை, இந்தப் பதிவு நாட்களைப் பற்றிய ஆவணப்படத்தில் பார்க்கலாம். குரலை உயர்த்தாமல், பொறுமையாகச் சொல்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்று கேட்கும்போது அவர் சொன்னது அட்சரசுத்தமாகச் சரி என்று தெரிகிறது. மெட்டாலிகாவின் மற்ற ஆல்பங்களை எந்த வருடம் என்று தெரியாமலும் ரசிக்கலாம். இது மட்டும் 2003 என்று உடனே சொல்லிவிடும்.

பதிவு நடந்த காலத்தில் குழுவுக்குள் என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆல்பத்தைப் புரிந்துகொள்வது கஷ்டம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2001 ஜனவரியில் பாஸ் கிட்டாரிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். பதினான்கு வருடம் கூட இருந்தவர். எக்கோபிரெய்ன் என்ற தன்னுடைய தனிக் குழுவின் பாடல்களை வெளியிட ஆசைப்பட்டார். பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு விடவில்லை. மனக்கசப்பு முற்றிப்போய்க் கிளம்பிவிட்டார். மீதி மூன்று பேரும் தயாரிப்பாளர் பாப் ராக்குடன் சான் பிரான்சிஸ்கோவில் பிரெசிடியோ என்ற பழைய ராணுவக் குடியிருப்பில் தற்காலிக ஸ்டுடியோ போட்டு வேலையைத் தொடங்கினார்கள். கையில் ஒரு பாட்டும் தயாராக இல்லை. முன்பெல்லாம் ஜேம்ஸும் லார்ஸும் வீட்டிலேயே பாட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த முறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அங்கேயே உருவாக்குவது என்று முடிவு.

சில மாதங்களிலேயே வெடித்தது. ஒரு நாள் டிரம்ஸ் வாசிப்பது பற்றி ஜேம்ஸுக்கும் லார்ஸுக்கும் வாக்குவாதம். ஜேம்ஸ் எழுந்து, கதவை ஓங்கி அறைந்துவிட்டுப் போகிறார். குடிப்பழக்கத்துக்கும் மற்ற போதைக்கும் சிகிச்சை எடுக்க 2001 ஜூலையில் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தவர், மறுபடி பதிவுக்கு வர 2002 ஆகிவிட்டது. அதற்குள் சான் ரஃபேலில் குழுவின் சொந்த ஸ்டுடியோ தயாராகியிருந்தது.

திரும்பி வந்தவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரைதான் வேலை. குடும்பத்தையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. தான் இல்லாத நேரத்தில் மற்றவர்களும் பதிவைக் கேட்டுப் பேசி முடிவெடுக்கக் கூடாது என்றும் அவர் எதிர்பார்த்தார். லார்ஸால் தாங்க முடியவில்லை. அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஜேம்ஸின் முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரே கெட்ட வார்த்தையை அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். ஜேம்ஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ராக் குழுக்களைப் பற்றிய எத்தனையோ படங்கள் பார்த்தாயிற்று. இவ்வளவு நிஜமான சண்டையை வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில் ஃபில் டவுல் என்ற ஆலோசகர் மாதம் 40,000 டாலர் சம்பளத்தில் குழுவோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் மனம் திறந்து பேச வேண்டும், எல்லோருக்கும் சம உரிமை என்பதுதான் ஏற்பாடு. பாடல் வரிகளைக்கூட எல்லோரும் காகிதத்தில் எழுதி, அதிலிருந்து எடுத்தார்கள். உடைந்துபோகும் நிலையில் இருந்த குழுவைச் சேர்த்து வைக்க அது உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆல்பத்தின் பெரிய குறையும் அங்கேதான் பிறந்தது. ஒருவர் இன்னொருவர் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கும் அறையில், ‘இந்தப் பகுதி வேண்டாம், வெட்டு’ என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

அப்படிச் சொன்ன ஒரே மனிதர் லார்ஸின் அப்பா டார்பென் உல்ரிக். நீண்ட வெள்ளைத் தாடியோடு, ஆரம்பகாலப் பதிவு ஒன்றை உட்கார்ந்து கேட்கிறார். எப்படி என்று மகன் கேட்டதும், அழித்துவிடு என்று அமைதியாகச் சொல்லிவிடுகிறார். மகன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அந்தப் பெரியவரைப் போல ஒருவர் தினமும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நீங்கள் சொல்லும் ஆவணப்படம் எது?

ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் எடுத்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’. 2004இல் வெளிவந்தது. ஆல்பம் எப்படி உருவாகிறது என்று படம்பிடிக்கப் போனவர்கள், ஒரு குழு உடைந்து ஒட்டுவதைப் படம்பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆல்பம் பிடிக்காதவர்களும் இதைப் பாருங்கள்.

பாஸ் வாசித்தது யார்? ராபர்ட் ட்ருஹியோவா?

இல்லை. ஆல்பம் முழுக்க பாஸ் வாசித்தது தயாரிப்பாளர் பாப் ராக். ட்ருஹியோ 2003 பிப்ரவரியில்தான் சேர்ந்தார். அதற்குள் பதிவு ஏறக்குறைய முடிந்திருந்தது. சூசைடல் டெண்டென்சீஸிலும் ஆஸி ஆஸ்போர்ன் குழுவிலும் வாசித்தவர். சேரும்போதே 10 லட்சம் டாலர் முன்பணம் என்று சொன்னதும் அவர் வாயடைத்துப்போவது படத்தில் வருகிறது. ஆல்பத்தோடு கொடுத்த டிவிடியில் எல்லாப் பாடல்களையும் ஒத்திகை அறையில் வாசித்திருப்பார்கள். அதில் பாஸ் ட்ருஹியோதான்.

அப்படியானால் ஆல்பம் தோல்வியா?

விற்பனையில் இல்லவே இல்லை. அமெரிக்காவில் முதல் வாரமே 4 லட்சத்துக்கும் மேல் விற்று பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிறகு 20 லட்சம் பிரதிக்கான இரட்டைப் பிளாட்டினம் சான்றிதழும் வாங்கியது. தலைப்புப் பாடலுக்கு 2004இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துதலுக்கான கிராமி விருது கிடைத்தது.

விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ரோலிங் ஸ்டோன் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் இணையதளம் பத்துக்கு 0.8 கொடுத்தது. இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் 75 நிமிஷத்தையும் மறுபடி மறுபடி உட்கார்ந்து கேட்டிருப்பாரா என்று சந்தேகம். 0.8 கொடுத்தவர் ஜேம்ஸின் குரலில் இருந்த வலியைக் காதில் வாங்கவே இல்லை.

நிஜமாகவே இதைப் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அதுவும் ஆழமாக. குடியிலிருந்தோ போதையிலிருந்தோ மீண்டு வருபவர்கள், அப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடியவர்கள். இவர்களில் பலருக்கு மெட்டாலிகாவின் மிக நெருக்கமான ஆல்பம் இதுதான். ஜேம்ஸ் முன்பு போர், நீதி, பைத்தியம் என்று வெளியே இருக்கும் விஷயங்களைப் பாடினார். தன் கதையைச் சொல்லும்போதும் உருவகத்துக்குள் மறைத்து வைப்பார். இங்கே மறைவே இல்லை. ‘தி அன்நேம்டு ஃபீலிங்’ பாட்டில் பதற்றம் மெல்ல மேலேறி வரும் விதமும், ‘இன்விசிபிள் கிட்’டில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கிப்போன பையனின் நிலையும், அனுபவித்தவர்களுக்கு உடனே பிடிபடும். குரல் சில இடங்களில் சுருதி விலகுகிறது. அதைத் திருத்தாமல் விட்டதும் சரிதான் என்பேன்.

சான் குவென்டின் சிறைக்குள் கைதிகள் முன்னால் எடுத்த தலைப்புப் பாட்டின் வீடியோவைப் பார்த்தால், இந்தப் பாட்டு யாரை நோக்கிப் பேசுகிறது என்பது விளங்கும்.

வேகத்துக்காகப் பிடித்தவர்கள் இன்னொரு கூட்டம். ‘லோடு’, ‘ரீலோடு’ காலத்தில் ஏறக்குறைய ஓய்ந்திருந்த, இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் இரட்டை பாஸ் டிரம் இதில் முழு வீச்சில் திரும்பி வந்தது.

நு-மெட்டல் பேஷனைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. கார்ன், ஸ்லிப்நாட் போன்ற குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம். தாழ்ந்த சுருதி, சோலோ இல்லாமை, வரிகளில் பச்சையான கோபம் எல்லாம் அங்கிருந்து வந்த காற்றுதான். பெரும்பாலான பாடல்களில் கிட்டாரை ‘டிராப் சி’ என்ற தாழ்ந்த சுருதி வரைக்கும் இறக்கியிருக்கிறார்கள். ஆனால் வானொலிக்காகச் செய்தவர்கள் எட்டு நிமிஷப் பாட்டு போட மாட்டார்கள். இப்படி ஒரு ஸ்னேரையும் வைக்க மாட்டார்கள். பணத்துக்காகச் செய்தது என்ற குற்றச்சாட்டு எனக்கு நியாயமாகப் படவில்லை.

‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் பாஸே கேட்காது. அதை மன்னித்தவர்கள் இதை ஏன் மன்னிக்கவில்லை?

நல்ல கேள்வி. 1988இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் ஜேசன் வாசித்த பாஸ் மிக்ஸில் புதைந்துவிட்டது. ஒலி வறண்டு கிடக்கும். பாடல்களும் நீளம்தான், 9 பாட்டுக்கு 65 நிமிஷம். ஆனாலும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்.

காரணம் பாடல்கள் கட்டப்பட்ட விதம். அதில் ‘ஒன்’ பாட்டை எடுங்கள். மெதுவாகத் தொடங்கி, திரும்பித் திரும்பி, ஒவ்வொரு நிமிஷமும் வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போய், கடைசியில் துப்பாக்கிச் சூடு போன்ற டிரம்ஸில் கொண்டுபோய் விடும். எந்தப் பகுதியை எடுத்தாலும் பாட்டு சரிந்துவிடும். ‘செயின்ட் ஆங்கர்’ பாடல்கள் உருவான வழியே வேறு. மணிக்கணக்காகச் சேர்ந்து வாசித்துவிட்டு, அதில் பிடித்த துண்டுகளைக் கணினியில் வெட்டி ஒட்டினார்கள். அதனால் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சின்ன கிட்டார் துண்டு) நன்றாக வந்தால் அதே ரிஃப் அதே மாதிரி எட்டு முறை வருகிறது. ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ பாட்டின் முக்கிய ரிஃப் அற்புதமானது; கேட்டவுடன் தலை தானாக ஆடும். எட்டரை நிமிஷம் அதைச் சுற்றியே வருவதால்தான் பாட்டு தளர்ந்துவிடுகிறது. பழைய முறையில் இருந்தால் அந்த இடத்தில் ஒரு சோலோ வந்து பாட்டைத் திருப்பியிருக்கும். அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

எல்லாம் பாப் ராக்கால் வந்த வினை என்பது சரியா?

அவரை நீக்க வேண்டும் என்று இணையத்தில் 1,500க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். கறுப்பு ஆல்பத்தைத் தயாரித்ததும் அதே மனிதர்தான். நாலு பேர் கராஜில் சேர்ந்து வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும் என்று நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். குழு உயிரோடு இருந்தால் போதும் என்ற நிலையில் பாஸும் வாசித்து, பஞ்சாயத்தும் பண்ணி, ஆல்பத்தையும் முடித்துக் கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளர் எட்ட நின்று வேண்டாததை வெட்ட வேண்டும். அவர் நாலாவது உறுப்பினர் மாதிரி உள்ளே போய்விட்டதால் அந்தத் தூரம் இல்லாமல் போயிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குழுவினர் இப்போது என்ன சொல்கிறார்கள்?

லார்ஸ் அந்த ஸ்னேர் உட்பட எல்லாவற்றுக்கும் இன்றும் முழுதாகத் துணை நிற்கிறார். ஜேம்ஸ் 2017இல் ஒரு பேட்டியில், அந்தத் தகர ஸ்னேர் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் இந்த மாதிரி விஷயங்கள் சேர்ந்ததுதான் எங்கள் வரலாறு, திருத்தப் போவதில்லை என்பது அவர் நிலை. மேடையில் மட்டும், அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் முடிந்த பிறகு இந்தப் பாடல்கள் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகின்றன.

அடுத்த ஆல்பத்தில் பாடம் கற்றுக்கொண்டார்களா?

2008இல் ரிக் ரூபின் தயாரிப்பில் ‘டெத் மேக்னெடிக்’ வந்தது. சோலோ திரும்பியது, சுருதி திரும்பியது, ஸ்னேரும் ஒழுங்காக ஒலித்தது. ஆனால் ஒலியளவை அளவுக்கு மீறி ஏற்றியதில் சத்தம் நசுங்கி இரைந்தது. ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருப்பதைக் கவனித்த ரசிகர்கள், மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். நீளம் குறையவே இல்லை. 2023இல் வந்த ‘72 சீசன்ஸ்’ 77 நிமிஷம்; செயின்ட் ஆங்கரைவிட அதிகம். வெட்டச் சொல்லும் ஆள் இன்னும் வந்து சேரவில்லை.

ஸ்னேரை மாற்றிவிட்டால் ஆல்பம் நன்றாகிவிடுமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015இல் சில ரசிகர்கள் முழு ஆல்பத்தையும் வேறு டிரம்ஸ் ஒலியோடு மறுபடி வாசித்துப் பதிவுசெய்து இணையத்தில் போட்டார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஸ்னேர் விலகியதும் ரிஃப்கள் எவ்வளவு பலமானவை என்று தெரிகிறது. ஆனால் அசல் நீளத்திலேயே கேட்டால் நாலாவது பாட்டுக்குள் களைப்பும் வந்துவிடும்.

பாடல்கள் நல்லவை என்பதற்கு இன்னொரு சாட்சி ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ஏறக்குறைய ஒன்பது நிமிஷம், முடிவில் வெறும் அலறல். இதே பாட்டை 2018இல் ஒரு நிதி திரட்டும் கச்சேரியில் அகூஸ்டிக் கிட்டாரில் மெதுவாக, சுருக்கி வாசித்தார்கள். அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடும் வாசித்தார்கள். அலறலுக்குள் ஒளிந்திருந்த மெட்டு அப்போதுதான் வெளியே வந்தது. குழுவின் அறக்கட்டளைக்கும் இந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, முதல்முறை கேட்கப் போகிறேன். எப்படிக் கேட்பது?

ஒரே மூச்சில் 75 நிமிஷமும் வேண்டாம். முதலில் அந்த ஒத்திகை டிவிடியின் காட்சிகளை யூடியூபில் தேடிப் பாருங்கள். ட்ருஹியோவின் பாஸ் அடியில் நிற்பதால் பாடல்கள் ஆல்பத்தைவிடத் திடமாக ஒலிக்கும். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாசிப்பதையும் பார்க்கலாம். அப்புறம் ஆல்பத்தில் ‘ஃப்ரான்டிக்’, ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’, ‘தி அன்நேம்டு ஃபீலிங்’ மூன்றையும் கேளுங்கள். பிடித்தால் 2018 அகூஸ்டிக் ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’, அதற்குப் பிறகு படம். படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தலைப்புப் பாட்டைப் போட்டால், முதல் தடவை எரிச்சலூட்டிய பல இடங்கள் வேறு மாதிரி கேட்கும். ‘ஷூட் மி அகெய்ன்’ பாட்டைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை.

ஹெட்ஃபோனைவிட அறையில் ஸ்பீக்கரில் கேட்பது நல்லது. ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.